நொங்கு வண்டி ஏன் ஒரு பக்கமாவே இழுக்குது?

கேள்வி: பேரனுக்கு நொங்கு வண்டி செஞ்சு குடுத்தேனுங்க. நேரா ஓடாம ஒரே பக்கமா வளையுது. மூணாம் நாள் சக்கரமும் கழண்டுருச்சு. எங்கே தப்பு?
– வாசகர், வெள்ளக்கோவில்

பதில்: இரண்டு காயும் ஒரே அளவாக இருந்திருக்காது. நொங்கு வண்டியில் அச்சும் சக்கரமும் சேர்ந்தே சுற்றும். ஒரு சுற்றுக்குப் பெரிய காய் கூடுதல் தூரம் போகும், சின்னது பின்தங்கும். வண்டி சின்னக் காய்ப் பக்கம் திரும்பிவிடும். ஒரே குலைக் காய்களை நூலால் சுற்றி அளந்து சோடி சேருங்கள். மூன்று கண் காயாகப் பாருங்கள். இரண்டு கண் காய் சப்பையாக இருக்கும், குதித்துக் குதித்துத்தான் ஓடும். ரொம்ப இளசும் வேண்டாம், கல்லில் பட்டதும் நசுங்கும்.

அச்சுக்கு விரல் தடிமனில் முக்கால் அடிக் குச்சி, நன்றாகக் காய்ந்தது. இரு முனையையும் சீவிக்கொண்டு, வெட்டின வாய் வெளியே பார்க்க, காயின் முதுகில் குத்துங்கள். மூன்று கண்ணும் சேருகிற நடுவில் இறங்க வேண்டும். அரை விரல் தள்ளினாலும் வண்டி நொண்டும். நடுவே நாலு விரல் இடைவெளி விட்டால், வண்டியைத் தள்ளும் கவட்டைக் குச்சி உட்காரும். கவட்டை உரசுமிடத்தில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் போதும்.

சக்கரம் கழண்டதற்கு வெயில்தான் காரணம். காய் வாடிச் சுருங்க, பிடி விட்டுப்போகும். மூங்கில் சிம்பை ஆப்பாக இறக்குங்கள். இரவில் ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் இன்னும் இரண்டு நாள் ஓடும். அதற்குமேல் புதுக் காய்தான். சித்திரை, வைகாசியில் அதற்கா பஞ்சம்? பழைய சட்டை போட்டு விடுங்கள், நொங்குக் கறை துவைத்தால் போகாது.

கேள்வி: பனையோலைக் காத்தாடி எவ்வளவு ஓடினாலும் சுத்த மாட்டேங்குது.
– வாசகி, தாராபுரம்

பதில்: ஒரு சாண் நீளம், ஒரு விரல் அகல ஓலை. இரு பாதியையும் ஒரே பக்கம் சாய்த்திருப்பீர்கள். ஒன்று தள்ளுவதை மற்றது தடுத்துவிடும். ஒரு முனையை வலப்பக்கம் திருகினால் மறுமுனையை இடப்பக்கம் திருகுங்கள். ஓலையை நடுவில் குத்திக் கைப்பிடியில் செருக ஒரு முள் வேண்டும்; உங்கள் ஊர்க் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) வெள்வேல முள்ளுக்குக் குறைவில்லை. ஓலையின் ஓட்டை முள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். ஓலைக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஆமணக்கு இலைக்காம்பில் கால் அங்குலத் துண்டு கோத்துவிட்டால் உரசாது. அந்தக் காம்பு உள்ளே குழல் மாதிரி இருக்கும். ஆமணக்குக் கொட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், அது விஷம். கைப்பிடிக்குச் சோளத்தட்டு போதும். பச்சைத் தட்டு வேண்டாம், காயக்காய முள் ஆடும்.

கேள்வி: பூவரச இலைப் பீப்பீ ஊதினா வெறும் காத்துத்தான் வருது!
– வாசகர், பெருந்துறை

பதில்: இறுக்கிச் சுருட்டிவிட்டீர்கள். கொழுந்தும் வேண்டாம், பழுத்ததும் வேண்டாம். நடுத்தர இலையைத் தளர்வாகச் சுருட்டி, வாயில் வைக்கும் முனையை மட்டும் லேசாகச் சப்பையாக்குங்கள். உதடு படும் இரண்டு மடிப்பும் அதிர்ந்தால்தான் சத்தம் வரும்.