13 வயதுப் பையன் எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடுமா?

மகனுக்கு 13 வயது, பள்ளியில் 100 மீட்டர் ஓடுகிறான், வேகம் கூட ஜிம்மில் சேர்க்கலாமா, எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிற்காது. எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டில் பலத்த அடிபட்டால்தான் கவலைப்பட வேண்டும். பக்கத்தில் பயிற்சி தெரிந்த ஆள் நின்று, தாங்குகிற எடையோடு முறையாகச் செய்தால் அந்தப் பயம் வேண்டாம். சுவரிலிருந்து குதிக்கும்போது அவன் கால் தாங்குவது உடல் எடையைப் போலப் பல மடங்கு. அதை யாரும் தடுப்பதில்லை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு தரும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

ஆனாலும் ஜிம்முக்கு அவசரமில்லை. இந்த வயதில் வலு கூடுவது பெரும்பாலும் தசை பருத்து அல்ல, நரம்புகள் தசையை வேலை வாங்கப் பழகுவதால். அதனால் முறைதான் முதலில்.

நான் காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடகளம் சொல்லித் தருகிறேன். முதல் இரண்டு வாரம் ஆளுக்கு ஒரு மூங்கில் கம்பு, அவ்வளவுதான். அதை முதுகோடு நிமிர்த்திப் பிடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியச் சொல்வேன். பின்மண்டை, நடுமுதுகு, வால் எலும்பு, மூன்றிலும் கம்பு ஒட்டியே இருக்க வேண்டும். பாதிப் பேருக்கு முதல் நாள் நடுமுதுகு வளைந்து கம்பு விலகிவிடும். அது சரியாகும் வரை எடை கிடையாது. கூடவே பஸ்கி, தண்டால், ஒரு படியிலிருந்து குதித்து இறங்குவது. 'தொப்'பென்று சத்தம் வந்து இரண்டு முட்டியும் உள்ளே சாய்ந்தால், அந்தக் கால் இன்னும் தயாராகவில்லை.

வேகத்துக்கு 30 மீட்டர் முழு வேக ஓட்டம், ஐந்தாறு முறை. நடுவில் 2, 3 நிமிடம் முழு ஓய்வு. "ஏன் சார் சும்மா நிற்க வைக்கிறீங்க?" என்று பெற்றோர் கேட்பார்கள். மூச்சு வாங்க வாங்க ஓடினால் உடம்பு மெதுவாக ஓடத்தான் பழகும். பத்து ரவுண்டு ஓடவிட்டுக் களைத்த பிறகு ஸ்பிரின்ட் ஓடச் சொல்வதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அப்புறம், உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். பையன்கள் 14 வயதை ஒட்டி மளமளவென்று வளர்வார்கள், பெண் பிள்ளைகள் அதற்கு இரண்டு வருடம் முன்பே. கை கால் நீண்டு ஓட்டம் தடுமாறும், ஓடி முடிக்கும் நேரம்கூட அதிகமாகும். திட்டாதீர்கள். எனக்கு அந்த வயதில் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தது. தொடைத் தசையின் நாண் எலும்பைப் பிடிக்கிற இடம் அது. "ஓட ஓட சரியாயிடும்" என்றார் அப்போதைய பயிற்சியாளர். நம்பி ஓடினேன், அந்த சீசன் முழுக்கப் போயிற்று. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்ற அதன் பெயரே பிறகுதான் தெரிந்தது. பயிற்சிச் சுமையைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் மகன் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினால் குதிப்பதை உடனே குறைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூக்கம் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். ராத்திரி பத்து மணி வரை டியூஷன், காலை ஐந்தரைக்கு மைதானம் என்று வருகிற பிள்ளைகளிடம், "நாளைக்கு வராதே, தூங்கு" என்றே சொல்லி அனுப்புகிறேன்.