இருட்டில் ஒளிரும் செடி வாங்கலாமா?

கேள்வி: நீலம், ஊதா, இளஞ்சிவப்பு என்று இருட்டில் ஜொலிக்கும் செடிகளின் படங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அப்படி ஒரு செடி நிஜமாகவே இருக்கிறதா, இல்லை எல்லாம் ஏமாற்று வேலையா?

பதில்: ஒளிரும் செடி நிஜம். நீங்கள் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை பொய். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பணம் தப்பும்.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கும்படி பரவலாக விற்பனைக்கு வந்திருப்பது ஃபயர்ஃபிளை பெட்டூனியா என்ற பூச்செடி. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருக்கும் லைட் பயோ நிறுவனத்தின் செடி இது. அந்நாட்டு வேளாண் துறை 2023 செப்டம்பரில் இதற்கு அனுமதி தந்தது. 2024 தொடக்கத்தில் விற்பனை ஆரம்பித்தபோது ஒரு செடி 29 டாலர், அனுப்பும் செலவு தனி. பகலில் பார்த்தால் சாதாரண வெள்ளைப் பூ பெட்டூனியாதான். பெயரில் ‘ஃபயர்ஃபிளை’, அதாவது மின்மினி, இருந்தாலும் ஒளிக்கான மரபணுக்கள் ‘நியோனோதோபானஸ் நம்பி’ என்ற ஒளிரும் காளானிலிருந்து எடுக்கப்பட்டவை.

செடி எப்படி ஒளிர்கிறது என்று தெரிந்தால் போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். காஃபிக் அமிலம் எல்லாச் செடிகளிலும் இயல்பாகவே இருக்கும் ஒரு பொருள். காளானிலிருந்து வந்த நொதிகள் அதைப் படிப்படியாக மாற்றி, ஆக்சிஜனோடு சேரும்போது ஒளி விடும் பொருளாக ஆக்குகின்றன. ஒளி விட்டு முடிந்த பிறகு மிஞ்சுவதை இன்னொரு நொதி மறுபடியும் காஃபிக் அமிலமாக்கிவிடுகிறது. சுழற்சி உயிருள்ள செல்லுக்குள்ளேயே நடப்பதால் மருந்து தெளிக்க வேண்டாம், விளக்கில் காட்டி ‘சார்ஜ்’ ஏற்ற வேண்டாம், புற ஊதா விளக்கும் தேவையில்லை. 1986-லேயே மின்மினியின் மரபணுவைப் புகையிலைச் செடியில் வைத்து ஒளிர வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் செடிக்கு எரிபொருளை வெளியிலிருந்து ஊட்ட வேண்டியிருந்தது. காளானின் வழி அந்தக் குறையைத் தீர்த்தது. 2020-ல் புகையிலையிலும், பிறகு பெட்டூனியாவிலும் அது பலித்தது.

இந்தக் காளான் வழியில் வரும் ஒளி பச்சை. ஒரே செடியில் பூ ஊதாவாகவும் இலை நீலமாகவும் எரிகிற மாதிரி படம் போட்டிருந்தால், அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

கேள்வி: விதை பாக்கெட்டாக மலிவாகக் கிடைக்கிறதே. வாங்கி முளைக்க வைத்தால் என்ன?

பதில்: வேண்டாம். ஃபயர்ஃபிளை பெட்டூனியா வேர்விட்ட இளஞ்செடியாகத்தான் விற்பனைக்கு வந்தது. ‘ஒளிரும் ரோஜா விதை’, ‘ஒளிரும் ஆர்க்கிட் விதை’ என்பதெல்லாம் படத்தைக் காட்டி எதையோ தள்ளிவிடும் வியாபாரம். முளைத்தால் ஏதோ ஒரு செடி வரும், ஒளி வராது. பெட்டூனியா விதை என்று சொல்லி மிளகு அளவுக்குப் பெரிய மணிகளைக் காட்டினால் அங்கேயே பிடித்துவிடலாம். நிஜ பெட்டூனியா விதை கிட்டத்தட்ட தூள் மாதிரி இருக்கும்.

முன்பணம் கட்டச் சொல்பவர்களிடமும் கவனமாக இருங்கள். 2013-ல் அமெரிக்காவில் ‘குளோயிங் பிளான்ட்’ என்ற திட்டம், ஒளிரும் செடியின் விதைகளைத் தருவதாகச் சொல்லி கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 4,84,000 டாலருக்கு மேல் திரட்டியது. அதை நடத்தியவர்கள் முயற்சி செய்தார்கள், ஆனால் போதுமான ஒளியை வரவழைக்க முடியவில்லை. 2017-ல் கைவிட்டார்கள். பணம் கட்டியவர்களுக்குச் சொன்ன செடி வந்து சேரவில்லை. நல்ல எண்ணத்தோடு தொடங்கியவர்களுக்கே இந்தக் கதி என்றால், முகவரியே இல்லாத கடையை நம்பி எப்படிப் பணம் கட்டுவது?

கேள்வி: நேரில் ஒரு செடியைக் காட்டி விற்கிறார்கள். அசலா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: இருட்டு அறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். டார்ச் அடித்த உடனே பளிச்சென்று மின்னி, கொஞ்சம் கொஞ்சமாக மங்கினால் அது பூசிய பொருள் அல்லது உள்ளே செலுத்திய பொருள். புற ஊதா விளக்குக்குக் கீழே மட்டும் மின்னினால் அது ஒளிர்சாயம். அசல் செடி எந்த விளக்கின் உதவியும் இல்லாமல் இரவு முழுக்கத் தொடர்ந்து ஒளிரும். இன்னொரு அடையாளம், ஒளி செடி முழுக்கச் சமமாக இருக்காது. மொட்டும் புதுப் பூவும் துளிர் நுனியும் தூக்கலாகத் தெரியும், முதிர்ந்த இலை மங்கலாக இருக்கும். வேகமாக வளரும் பகுதியில்தான் அந்தச் சுழற்சி மும்முரமாக நடக்கிறது. பெயிண்ட் அடித்த செடியில் நேர் எதிர்: பழைய இலை மின்னும், அதற்குப் பிறகு விட்ட துளிர் இருட்டாக இருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சீனாவின் தென்சீன வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-ல், கற்றாழை போல் சதைப்பற்றுள்ள எச்சவேரியா செடியின் இலைகளில் ஒளியைச் சேமித்துப் பிறகு வெளிவிடும் நுண்துகள்களை ஊசியால் செலுத்திக் காட்டினார்கள். அதில் பல நிறங்கள் கிடைத்தன. வெளிச்சத்தில் வைத்து எடுத்தால், அதன் பிறகு இரண்டு மணி நேரம் வரை ஒளிர்கிறது. அருமையான ஆய்வுதான், ஆனால் அது மரபணு மாற்றம் இல்லை. அதன் பெயரைச் சொல்லி மரபணு மாற்றிய செடியின் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அசல் செடியே வாங்கினேன். இரவில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பணம் வீணா?

பதில்: செடி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. எதிர்பார்ப்பைத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். இதன் ஒளி நிலா வெளிச்சம் போல மென்மையானது. இதை வைத்துப் படிக்கவோ வழி பார்க்கவோ முடியாது. விளம்பரப் படங்கள் பல, கேமராவை நொடிக்கணக்கில் திறந்துவைத்து எடுத்தவை. கண் அப்படிச் சேர்த்துவைத்துப் பார்ப்பதில்லை.

அறையில் சின்ன விளக்குக்கூட இல்லாமல் அணையுங்கள். திரைச்சீலையை இழுத்து விடுங்கள், போனைத் தூர வையுங்கள். பத்து நிமிடம் பொறுத்தால் பூக்கள் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். இடையில் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவு மங்கலில் நம் கண் நிறத்தைச் சரியாகப் பிடிக்காது என்பதால், பச்சையைவிட வெண்மை கலந்த மாதிரி தோன்றலாம். அதுவும் இயல்புதான்.

அப்புறம், வெயில். இந்தச் செடியின் ஒளிக்கு முதலீடே பகல் வெயில்தான். தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படட்டும். வீட்டு மூலையில் அழகுக்கு வைத்தால் தண்டு நீண்டு மெலியும், மொட்டு குறையும், ஒளியும் குறையும். பகலில் வெளியே, பார்க்க நினைக்கும் இரவில் மட்டும் உள்ளே என்று வையுங்கள். தண்ணீர் தேங்காத மண்கலவை வேண்டும். தொட்டியின் அடித் துளை அடைபட்டிருக்கிறதா பாருங்கள். வாடிய பூவை அவ்வப்போது கிள்ளுங்கள், நீண்ட நுனியையும் கிள்ளினால் பக்கக் கிளை விடும், மொட்டு பெருகும். ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடியாக எண்ணி வாங்காதீர்கள். பெட்டூனியாவை ஒரு பருவத்துச் செடியாகவே பெரும்பாலும் வளர்க்கிறார்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒரு கிளையை ஒடித்துக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். 2023-ல் கிடைத்த அனுமதி அமெரிக்காவுக்கு மட்டுமானது. மற்ற நாடுகளில் மரபணு மாற்றப்பட்ட உயிருள்ள செடிக்குத் தனி விதிகள் இருக்கும். 2017-ல் அனுமதி இல்லாத, மரபணு மாற்றப்பட்ட ஆரஞ்சு நிற பெட்டூனியாக்கள் விற்பனையில் இருப்பது பின்லாந்தில் தெரியவந்தபோது, பல நாடுகளில் அவற்றைச் சந்தையிலிருந்து எடுத்து அழித்தார்கள். அந்தச் செடியால் யாருக்கும் தீங்கு வரவில்லை, அனுமதி இல்லை என்பதே காரணமாகப் போதுமானதாக இருந்தது. உங்கள் நாட்டு வேளாண் துறையிடம் கேட்டு, சரி என்றால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: ஏற்கெனவே விதை வாங்கி ஏமாந்துவிட்டேன். இனி என்ன செய்வது?

பதில்: விளம்பரப் படம், ஆர்டர் பக்கம், பணம் கட்டிய ரசீது மூன்றையும் படம்பிடித்து வையுங்கள். கடை அந்தப் பக்கத்தை எந்த நேரமும் எடுத்துவிடலாம். ‘சொன்ன பொருள் வரவில்லை’ என்று விற்பனைத் தளத்தில் முதலில் புகார் கொடுங்கள், பதில் வராவிட்டால் பணம் கட்டிய வங்கியிடமோ அட்டை நிறுவனத்திடமோ அந்தக் கட்டணத்துக்கு மறுப்பு தெரிவியுங்கள். காலக்கெடு இருக்கும், தள்ளிப்போடாதீர்கள். மீதி விதையை மண்ணில் போட வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத விதையில் நோயோ களையோ வரலாம். பாக்கெட்டோடு மூடி வைத்து, பக்கத்து வேளாண் அலுவலகத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.