அதிகாரி எழுதியது தொழிலாளிக்குத் தெரிய வேண்டாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் டிரில்லராக இருக்கிறேன். போன மாதம் டிஜிஎம்எஸ் (மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் துறை) அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். என்ன எழுதினார் என்று கேட்டால், "அது ஆபீஸ் விஷயம்" என்கிறார் மேனேஜர். தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் "ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்" என்று போனால் காரியம் நடக்காது. குறைகளைச் சுட்டும் கடிதம் முதலாளிக்கும் மேனேஜருக்கும்தான் போகும். ஆய்வில் கிடைத்த விவரங்களை இன்ஸ்பெக்டர் ரகசியமாக வைக்க வேண்டும் என்றது 1952 சுரங்கச் சட்டம். தொழிலாளர் பாதுகாப்புக்குத் தேவை என்று அவர் கருதினால் வெளியிடலாம், அவ்வளவுதான்.

அதனால் ரிப்போர்ட்டை விடுங்கள், உங்கள் வேலையிடத்தைப் பற்றிக் கேளுங்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 14ஆம் பிரிவு, தன் பாதுகாப்பு குறித்த தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. "தெற்கு முகப்பில் பெஞ்ச் 6 மீட்டருக்கு மேல் போய்விட்டதா? நான் துளை போடும் இடத்துக்கு மேலே தொங்கும் கல்லை எப்போது இறக்குவீர்கள்?" என்று எழுதிக் கொடுங்கள். (பெஞ்ச் என்பது பாறையில் வெட்டும் படி. கெட்டிப் பாறையில் அதன் உயரம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது 1961 விதிமுறை.) நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். பாதுகாப்புக் குழு இருந்தால் அதிலும் எழுப்பலாம். ஆனால் 1955 சுரங்க விதிகள் அப்படியொரு குழுவைக் கேட்பது 100 பேருக்கு மேல் உள்ள சுரங்கத்தில்தான், பல குவாரிகளில் அவ்வளவு ஆள் ஏது?

அப்புறம் ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டி டிஜிஎம்எஸ்ஸிடமே கேட்கலாம். பொதுவாக 30 நாள், உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். அங்கேயும் முழுக் கோப்பைக் கேட்காமல், ஆபத்தைச் சொல்லும் பகுதியையும் குறையைச் சரிசெய்ததற்கு வந்த பதிலையும் மட்டும் கேளுங்கள்.

கல் இப்போதே ஆடுகிறது என்றால் இதெல்லாம் வேண்டாம். அதே 14ஆம் பிரிவின்படி முதலாளிக்கும் ஆய்வு அதிகாரிக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடலாம்.

"கேட்டால் குவாரியை மூடிவிடுவார்கள், கூலி போச்சு" என்று கூட இருப்பவர்களே தடுப்பார்கள். ஆபத்து கருதி அதிகாரி வேலையை நிறுத்தினால், அந்த நாட்களுக்கு முழுக் கூலியோ அதே கூலியில் மாற்று வேலையோ முதலாளி தர வேண்டும் என்று 1952 சட்டத்திலேயே இருந்தது. அதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.