கேள்வி-பதில்: பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்கும் முன்

கேள்வி: பழைய கன்ட்ரி லிக்குகள் (சின்ன இசைத் துணுக்குகள்) பழக ஆன்லைனில் ஸ்டீல் கிட்டார் வாங்கினேன். ஆறு தந்திதான், பெடலே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? (டாலஸ்)

பதில்: இல்லை. நீங்கள் அனுப்பிய விளம்பரத்திலேயே 'லேப் ஸ்டீல்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மடியில் வைத்து வாசிப்பது அது. காலால் பெடலை மிதித்துத் தந்தியின் சுரத்தை மாற்றுவதுதான் பெடல் ஸ்டீல். விளம்பரத்தைப் படிக்காமல் பணம் கட்டிவிட்டு விற்றவரைக் குறை சொல்லாதீர்கள். கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: மாணவர் மாடல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. மூன்று பெடல், முட்டியால் தள்ளும் லீவர் ஒன்று. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கன்ட்ரிக்கு வழக்கமான சுருதி அமைப்பான இ9 டியூனிங்குக்கு மூன்று பெடலோடு நான்கு லீவராவது வேண்டும். இ தந்திகளை எஃப்-க்கு ஏற்ற ஒன்று, டி ஷார்ப்புக்கு இறக்க ஒன்று. இந்த இரண்டும் இல்லாமல் பல லிக்குகளுக்குப் பாதியில் வழி அடைபட்டுவிடும்.

கேள்வி: 'நூறு கிளாசிக் லிக்' என்று ஒரு பாடத்தொகுப்பு விற்கிறார்கள். வாங்கலாமா? (நாஷ்வில்)

பதில்: முதலில் மாதிரிப் பக்கம் கேளுங்கள். தந்தி எண்ணும் ஃப்ரெட் எண்ணும் மட்டும் இருந்தால் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு தொகுப்பை நானும் வாங்கியிருக்கிறேன். பெடல் குறிப்பே இல்லை. கேட்டதற்கு, டவுன்லோட் செய்த பொருளுக்குப் பணம் திரும்பாது என்று பதில் வந்தது. இன்னும் கோபம் தீரவில்லை.

இந்த வாத்தியத்தில் லிக் இருப்பதே காலிலும் முட்டியிலும்தான். 1954-ல் வெப் பியர்ஸ் பாடி முதலிடம் பிடித்த பாட்டில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் பெடலை மிதித்தார். அந்த வழுக்கலைக் கேட்டுத்தான் மற்ற ஸ்டீல்காரர்களும் பெடல் தேடி ஓடினார்கள். மூன்றாம் ஃப்ரெட்டில் பாரை (கையில் பிடித்துத் தந்திமேல் வைக்கும் உலோகக் கட்டை) வைத்து 3, 4, 5-ஆம் தந்திகளை மீட்டினால் ஜி கார்டு. ஏ, பி பெடல்களைச் சேர்த்து மிதித்தால் கை நகராமலே சி கார்டு. மிதிப்பது எப்போது, விடுவது எப்போது என்று சொல்லாத தாளில் பாட்டே இல்லை.

இன்னொரு அநியாயமும் உண்டு. ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸின் அமைப்பில் பெடல்கள் இடமிருந்து ஏ, பி, சி. இன்னொரு கலைஞர் ஜிம்மி டேயின் அமைப்பில் அதுவே தலைகீழ். லீவர்களும் கிட்டாருக்குக் கிட்டார் இடம் மாறும். 'முதல் பெடலை மிதி, முட்டியை இடப்பக்கம் தள்ளு' என்று மட்டும் எழுதினால் உங்கள் கிட்டாரில் வேறு சுரம் பேசும். புதிதாகப் பழகுகிறவர் தனக்குத்தான் கை வரவில்லை என்று நொந்து விட்டுவிடுவார். எந்த அமைப்புக்கு எழுதியது என்று முதல் பக்கத்திலேயே போடாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: இரட்டைக் கழுத்து (இரண்டு தந்தி வரிசை) கிட்டாராகவே வாங்கிவிடட்டுமா?

பதில்: பழைய கன்ட்ரி லிக்குக்கு இ9 கழுத்து ஒன்றே போதும்.

கேள்வி: ஓய்வுபெற்றவன். பழைய கிட்டாருக்கு வங்கி ஆப் வழியாக முழுப் பணமும் அனுப்பினேன். விற்றவர் போனை எடுப்பதில்லை. (ஹூஸ்டன்)

பதில்: ஐயா, மனசு கனக்கிறது. தப்பு உங்கள் மேல் இல்லை, திருடியவன் மேல். இன்றைக்கே வங்கியிடம் சொல்லுங்கள். எஃப்பிஐ-யின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐசி3-யிலும் ஃபெடரல் வர்த்தக ஆணையத்திலும் புகார் பதியுங்கள். உரையாடல், விளம்பரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆப்பில் நாமே அனுப்பிய பணம் திரும்புவது கஷ்டம்தான், ஆனாலும் விடாதீர்கள். 'கட்டணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம்' என்று யாராவது வந்தால் அதுவும் மோசடி, ஒரு காசும் கொடுக்காதீர்கள். அடுத்த முறை வீடியோ அழைப்பில் ஒவ்வொரு பெடலையும் மிதித்துக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள்.

கேள்வி: மூன்றாம் தந்தி அடிக்கடி அறுகிறது. கிட்டார் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 0.011 அங்குலக் கம்பி அது, பி பெடல் அதை இன்னும் இழுக்கிறது. அந்த ஒரு தந்தியை மட்டும் கூடுதலாக வாங்கி வையுங்கள். எப்போதும் சேஞ்சர் (பெடலை மிதித்தால் தந்தியை இழுக்கும் பகுதி) பக்கமே அறுந்தால், தந்தி உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.