வாசகர் கேள்விகள்: கோல்ட்வாட்டர் என்ன சொன்னார்?

கேள்வி: 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற பாரி கோல்ட்வாட்டரின் கொள்கைகள்தான் என்ன? (ஒரு வாசகர், தேனி)

அரிசோனா மாநில செனட்டர் அவர். வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு எதிலெல்லாம் தலையிடுகிறதோ அதிலிருந்தெல்லாம் முடிந்தவரை விலக வேண்டும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. விவசாயிகளுக்கான விலை ஆதரவு வேண்டாம், மின்சாரம் தயாரிக்கும் டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையத்தைத் தனியாருக்கு விற்கலாம், முதியோர் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியில் சேருவதைக் கட்டாயமாக்கக் கூடாது என்றெல்லாம் பேசினார். ஓய்வூதியத்தில் கைவைக்கப் போகிறார் என்ற பயம் வயதானவர்களிடம் பரவியதும் ஓட்டு போனது. கட்டாய ராணுவச் சேவையை முடிவுக்குக் கொண்டுவருவேன் என்றும் சொன்னார், அது எனக்குப் பிடித்த வாக்குறுதி. வெளியுறவில் சோவியத் யூனியனோடு சமரசமே கிடையாது. அமெரிக்காவும் அதன் நட்பு நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் தளபதிக்குச் சிறிய ரக அணு ஆயுதங்களைப் பயன்படுத்தும் அதிகாரம் தரலாம் என்ற பேச்சுதான் ஜனங்களை மிரட்டிவிட்டது.

கேள்வி: அவர் இனவெறியர் என்கிறார்களே, உண்மையா? (ஒரு வாசகி, மதுரை)

ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. கறுப்பர்களின் உரிமைகளைக் காக்க வந்த 1957, 1960 குடிமை உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர். அரிசோனாவின் விமானப்படைப் பிரிவில் கறுப்பர், வெள்ளையர் பிரிவினையை நீக்கப் பாடுபட்டவர். ஆனால் 1964 ஜூனில் புதிய குடிமை உரிமைச் சட்டம் செனட்டில் 73க்கு 27 என்று நிறைவேறியபோது எதிர்த்த 27 பேரில் அவரும் ஒருவர். ஓட்டல், கடைகளில் யாரை அனுமதிப்பது, வேலைக்கு யாரை எடுப்பது என்பதில் மத்திய அரசு சட்டம் போட அரசியலமைப்பு இடம் கொடுக்கவில்லை என்பது அவர் வாதம். சரி, அவர் நேர்மையாகவே நம்பினார் என்று வைத்துக்கொள்வோம், ஆனால் தெற்கு மாநிலமான மிசிசிப்பியில் ஒரு கறுப்பருக்குச் சாப்பாட்டுக் கடையில் உட்காரவும் ஓட்டுப் போடவும் உரிமையில்லாமல் இருந்தபோது, அந்த மாநில அரசே அதைக் காவல் காத்தபோது, 'மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என்றால் அந்த மனிதர் யாரிடம் போய் நிற்பார்? இந்தக் கேள்விக்குக் கோல்ட்வாட்டரிடம் பதிலே இல்லை. மிசிசிப்பி வெள்ளையர்களுக்கு அவர் சொன்னது நன்றாகவே புரிந்தது. அங்கே அவருக்கு 87 சதவீத ஓட்டு.

கேள்வி: படுதோல்வி அடைந்தவரைப் பற்றி இன்னும் ஏன் பேசுகிறார்கள்? (ஒரு வாசகர், கோவை)

தோல்வி பெரியதுதான், ஆனால் அவர் போட்ட பாதையில் பின்னால் மற்றவர்கள் ஜெயித்தார்கள். எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சனுக்கு 486 தேர்வாளர் ஓட்டு (மாநிலவாரியாகக் கணக்கிட்டு அதிபரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு), இவருக்கு 52. ஜெயித்தது 6 மாநிலங்கள்: சொந்த அரிசோனாவும், தெற்கே ஐந்தும். அந்த ஐந்தில் ஜார்ஜியா அதற்கு முன் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டதே இல்லை. அதே பிரசாரத்தில்தான் ரொனால்ட் ரீகன் என்ற நடிகர் அக்டோபர் 27ஆம் தேதி இவருக்காகத் தொலைக்காட்சியில் பேசினார். இரண்டு வருடத்தில் கலிஃபோர்னியா ஆளுநர் ஆனார், 1980இல் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். கோல்ட்வாட்டர் வாக்குறுதி தந்தபடி கட்டாய ராணுவச் சேவையும் 1973இல், அதே கட்சியின் அதிபர் நிக்சன் காலத்தில் நின்றது.