காதில் விழாத கிட்டார்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கௌண்ட் பேஸியின் இசைக்குழுவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு கேட்கத் தொடங்கினேன். பேஸி 1984-லேயே இறந்துவிட்டார். ஆனால் அவர் பெயரில் இன்றும் ஒரு குழு ஊர் ஊராகப் போய் வாசிக்கிறது. இப்படிப்பட்ட குழுக்களுக்கு ஜாஸ் உலகில் 'பேய்க்குழு' என்றே பெயராம். இறந்தவரின் பெயரை வைத்து டிக்கெட் விற்பது சரியா? பின்னால் வந்த தலைவர்களில் யார் சிறந்தவர்? எந்த இசைத்தட்டில் தொடங்கலாம்? இன்னொன்று. பழைய காணொளிகளில் ஒருவர் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார். கை அசைகிறது, சத்தமே கேட்கவில்லை. அலங்காரத்துக்கு உட்காரவைத்தார்களோ?

கே., கரூர்

அன்புள்ள கே.,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். இரண்டு வாரமாக இரவில் நான் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மனிதரைத்தான். அந்த நேரத்தில் 'அலங்காரம்' என்ற சொல் வந்து சேர்ந்ததும் எனக்குக் கோபம் வந்தது.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். யார் சிறந்தவர் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், அது கிரிக்கெட் அணித்தலைவர்களுக்கான கேள்வி. பேஸிக்குப் பிறகு குழு தாட் ஜோன்ஸ், ஃபிராங்க் ஃபாஸ்டர், குரோவர் மிட்செல், பில் ஹியூஸ், டென்னிஸ் மேக்ரெல் என்று கை மாறி, 2013 முதல் ஸ்காட்டி பார்ன்ஹார்ட்டிடம் இருக்கிறது. ஜோன்ஸும் ஃபாஸ்டரும் 1950-களிலேயே பேஸியின் குழுவில் வாசித்தவர்கள். பார்ன்ஹார்ட் பேஸி இறந்து பல ஆண்டுகள் கழித்து, ஃபாஸ்டரின் காலத்தில் டிரம்பெட் வாசிக்க வந்தவர். ஒருவர்கூட வெளியிலிருந்து பெயரை வாங்கிக்கொண்டு வந்தவர் அல்லர்.

பெயரை வைத்துச் சம்பாதிப்பது சரியா என்கிறீர்கள். பேஸியே ஒரு வாரிசு என்பதை மறந்துவிடாதீர்கள். கான்சாஸ் சிட்டியில் பென்னி மோட்டனின் குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். 1935-ல் டான்சில் அறுவை சிகிச்சையின்போது மோட்டன் இறந்தார். அந்தக் குழுவில் எஞ்சியவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டுதான் அதே ஊரின் ரெனோ கிளப்பில் பேஸி தன் குழுவைத் தொடங்கினார். பேயைப் பற்றிப் பேசுவதானால் அங்கிருந்தே பேச வேண்டும்.

இனி அந்தக் கிட்டார்காரர்.

அவர் பெயர் ஃபிரெடி கிரீன். 1937-ல் குழுவில் சேர்ந்தார். 1950-ல் பணமுடை தாங்காமல் பேஸி பெரிய குழுவைக் கலைத்துவிட்டுச் சிலரை மட்டும் வைத்துக்கொண்டார். அதில் கிட்டாருக்கு இடமில்லை. கிரீன் ஒரு நாள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தானாகவே வந்து மேடையில் உட்கார்ந்துவிட்டார் என்று சொல்வார்கள். பேஸி அவரை எழுப்பவில்லை. பேஸி இறந்தார், கிரீன் எழவில்லை. ஜோன்ஸ் வந்தார், ஃபாஸ்டர் வந்தார், அதே நாற்காலியில் கிரீன் இருந்தார். 1987 மார்ச் 1 அன்று லாஸ் வேகாஸில் இறக்கும்வரை அந்தக் குழுவின் கிட்டார் அவர்தான். ஏறக்குறைய 50 ஆண்டுகள்.

அந்த 50 ஆண்டுகளில் அவர் தனி ஆவர்த்தனம் வாசித்த தருணங்கள் மிக அரிது. மின்சாரம் இல்லாத வெறும் கிட்டார். தொடக்கத்தில் ஒரு முறை ஆம்ப்ளிஃபையர் வைத்துப் பார்த்தாராம். சக கலைஞர்களே அதைத் திரும்பத் திரும்பக் கெடுத்து வைத்து, அந்த ஆசையை அவர் கைவிடும்படி செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, கிட்டார் உரக்க ஒலித்தால் சீரான தாளம் கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சியிருந்தால் அது நியாயம். கிட்டாரை மடியில் ஏறக்குறைய மல்லாத்திப் பிடித்திருப்பார். தந்திகளை மற்றவர்கள் வைப்பதைவிட உயரமாக ஏற்றி வைத்திருப்பார், அழுத்தினால் விரல் நோகும். மூன்று தந்திகளைத் தொட்டு, சில நேரம் அதில் ஒன்றை மட்டுமே ஒலிக்கவிடுவார். ஒரு தாளச் சுற்றுக்கு நான்கு தட்டு. நான்கும் ஒரே அளவு. ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

எனக்கும் அது முதலில் கேட்கவில்லை, கே. இருபத்து நான்கு வயதில் ஒரு மாடியறையில் மூன்று பேராகத் தங்கியிருந்தோம். நண்பனின் டேப்ரிக்கார்டரில் இடது ஸ்பீக்கர் செத்துப்போயிருந்தது. ஒரு நாள் பேஸி கேசட்டைப் போட்டபோது பித்தளை வாத்தியங்கள் பாதி காணாமல் போய்விட்டன. அந்த வெற்றிடத்தில் ஏதோ ஓர் ஒலி. விடியற்காலையில் யாரோ ஈர்க்குமாற்றால் மண்வாசலைப் பெருக்குவது போல, சர், சர், சர், சர். கேசட் பழுதென்று நினைத்து நிறுத்தினேன். நண்பன் தலையைத் தூக்கி, "அது கிட்டார்டா, போடு" என்றான். மறுபடியும் போட்டேன். அன்று அந்தப் பக்கத்தை நான்கு முறை கேட்டோம். கேசட் தேயும் என்று திட்டிய மூன்றாமவனும் கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஸ்பீக்கரைப் பிறகு சரிசெய்தோம். ஆனால் ஒருமுறை பிடிபட்ட அந்த ஒலி அதன் பிறகு எந்த இரைச்சலிலும் எனக்குத் தொலைந்ததில்லை.

ஆகவே கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் காதால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டீர்கள். எழுந்து நின்று ஊதுபவர் யார், முன்னால் நின்று கையசைப்பவர் யார் என்றே தேடினீர்கள். அதனால்தான் தலைவர்களின் பட்டியல் உங்களுக்கு அவ்வளவு பெரிதாகிவிட்டது. பேஸி பியானோவில் இரண்டு மூன்று சுரங்களை மட்டும் தொட்டுவிட்டு நிறுத்திவிடுவாரே, அந்த நிறுத்தத்தில் எதன் மேல் அவர் சாய்ந்திருக்கிறார் என்று கேட்டீர்களா? அத்தனை ஊதுகுழல்களும் ஒருசேர மூச்சை இழுப்பது எதை நம்பி என்று யோசித்தீர்களா? ஜோன்ஸும் ஃபாஸ்டரும் தலைவராக வந்து நின்றபோது அவர்களுக்குக் குழுவைக் கையளித்தது எந்தப் பத்திரமும் அல்ல. அந்த நான்கு தட்டு அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் வந்து அதில் ஏறிக்கொண்டார்கள்.

எந்த இசைத்தட்டு என்று கேட்டிருந்தீர்கள். 1957-ல் நீல் ஹெஃப்டியின் இசையமைப்பில் பதிவான இசைத்தட்டில் 'லில் டார்லின்' என்று ஒன்று வரும். ஹெஃப்டி வேகமாக எழுதியதை பேஸி மிக மெதுவாக்கினார் என்பார்கள். அந்த மெதுவில் கிரீனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. படம் எதுவும் பார்க்காமல், விளக்கை அணைத்துவிட்டு, மூன்று முறை கேளுங்கள். அடுத்த கடிதத்தில் தலைவர்களைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். எந்த இடத்தில் அந்த வாசல் பெருக்கும் ஒலி உங்கள் காதில் விழுந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்.