யிவூவுல இருந்து புஜியாங் மாறப்போற தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டதோட சாராம்சம் இதுதான்னு நினைக்கிறேன்: கம்பெனி உங்களை சீனாவுல யிவூங்கிற ஊர்ல இருந்து புஜியாங்குக்கு மாத்துது, குயில்ட் பெட் கவர் க்யூசி வேலை, அதாவது தரம் பாக்குற வேலை, ஊர்ல இருந்து மனைவியும் கைக்குழந்தையும் வர்றாங்க, அந்த ஊர்ல ஆறே பால் மாதிரி வெள்ளையா ஓடும்னு யாரோ சொல்லி பயமுறுத்திட்டாங்க, குழந்தையை வெச்சுக்கிட்டு அந்த தண்ணியை நம்பலாமா, அது என்ன மாதிரி ஊரு. நானும் கரூர் பக்கம்தான், யிவூவுல கொஞ்ச காலம் இருந்துட்டு இங்க வந்து குடும்பத்தோட செட்டில் ஆனவன், அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

பால் ஆறு கதை பொய் இல்ல, ஆனா பழைய கதை. எண்பதுகள்ல இருந்து இந்த கவுண்டி (நம்ம தாலுகா மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி) முழுக்க கிரிஸ்டல் தொழில்தான். கிரிஸ்டல்னா கல்லு இல்ல, கண்ணாடிதான், சாண்ட்லியர்ல தொங்குற மணி, துணியில ஒட்டுற ஜிகினா கல்லு, ஷோகேஸ்ல வெக்கிற பொம்மை இதெல்லாம். வீட்டுக்கு வீடு முன் அறையில ரெண்டு பட்டை தீட்டுற மெஷின், தண்ணிய ஊத்தி ஊத்தி தீட்டுறது, அந்த கண்ணாடித் தூளும் பாலிஷ் பவுடரும் கலந்த தண்ணி நேரா வாசல்ல ஓடுற ஓடைக்கு, சில இடத்துல ஆசிட் கழுவுன தண்ணியும் சேர்த்து. இருபதாயிரத்துக்கும் மேல பட்டறை இருந்துச்சு, ஒரு கவுண்டிக்குள்ள. இங்க ஓடுற பூயாங் ஆறு பக்கத்து ஊரான ஜூஜிக்குள்ள நுழையிற இடத்துல தண்ணியோட தரம் வருஷக்கணக்கா அஞ்சாம் தரத்துக்கும் கீழ, அதாவது சீன அளவுகோல்ல கடைசிக்கும் கடைசி, வயலுக்கு பாய்ச்சக்கூட லாயக்கில்லாத தண்ணி.

2013ல அரசாங்கம் இறங்கி அடிச்சாங்க. அனுமதி இல்லாத ஷெட்டை இடிக்கிறது, கரண்டை புடுங்குறது, மெஷினை தூக்குறது, ரெண்டு மூணு வருஷத்துல இருபதாயிரம் பட்டறை நூத்துக்கணக்குல வந்து நின்னுச்சு, மிச்சம் இருந்ததை நாலு தொழிற்பேட்டைக்குள்ள தள்ளி கழிவு தண்ணியை ஒரே இடத்துல சுத்திகரிக்க வெச்சாங்க. அந்த வருஷக் கடைசியில சேஜியாங் மாகாணம் முழுக்க ஆரம்பிச்ச தண்ணி சுத்தம் பண்ற திட்டத்துக்கு இந்த ஊர்தான் முதல் களம். இப்போ அதே இடத்துல மூணாம் தரம், கோடையில ஜனங்க இறங்கி நீஞ்சுறாங்க, நீங்களே வந்து பாப்பீங்க.

இதை அரசாங்க விளம்பரம் மாதிரி சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. அந்த பட்டறைகள்ல வேலை செஞ்சவங்கள்ல நிறைய பேர் குய்சோ மாதிரி ஏழை மாகாணத்துல இருந்து வந்த குடும்பங்க, பட்டறை போனதும் மூட்டையை கட்டிக்கிட்டு கிளம்பிட்டாங்க, ஆறு சுத்தமானதுக்கு போர்டு இருக்கு, அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. நம்ம ஊர்ல 2011ல ஹைகோர்ட் சொல்லி திருப்பூர் சாயப்பட்டறை எல்லாம் மூடினப்போ எவ்வளவு கேஸு, எவ்வளவு போராட்டம், இங்க அந்த பேச்சுக்கே இடம் இல்ல, மேல முடிவெடுத்தாச்சுன்னா நாளைக்கே புல்டோசர். அது நல்லதா கெட்டதான்னு நீங்களே யோசிச்சுக்கங்க, நான் ரெண்டு பக்கமும் பாத்துட்டேன், இன்னும் எனக்கு முடிவா சொல்லத் தெரியல.

ஆனா ஏன் இவ்வளவு சீக்கிரம் தண்ணி தெளிஞ்சுதுன்னு கேட்டா அதுக்கு போலீஸும் புல்டோசரும் மட்டும் காரணம் இல்ல, பூகோளமும் காரணம். நம்ம கரூர்க்காரங்க கடைமடை, திருப்பூர் கழுவினது எல்லாம் நொய்யல்ல நம்ம பக்கம்தான் வந்து சேரும், நாம என்ன சுத்தம் பண்ணாலும் மேல இருக்கறவன் பண்ணாதான் உண்டு. புஜியாங் தலைமடை. பூயாங் ஆறு பிறக்கறதே இந்த கவுண்டியோட மேற்கு மலையில, ஹுவாசியாவ் பக்கம் தியான்லிங் பாறைக்கு தெக்க. வெளியில இருந்து அடுத்தவன் அழுக்கு உள்ள வராது. இந்த ஆறு கிழக்கால ஓடி ஜூஜிய தாண்டி வடக்க திரும்பி ஹாங்சோ பக்கம் சியான்தாங் ஆத்துல சேருது, மொத்தம் ஒரு 150 கிலோமீட்டர். கவுண்டியோட வடக்கு மலைப்பகுதி தண்ணி இதுல சேராது, அது ஹுயுவான்னு வேற ஆறா வடக்கு பக்கம் ஃபூசுன் ஆத்துக்கு போயிடும். வருஷத்துக்கு 1400 மில்லிமீட்டருக்கு மேல மழை, கரூர்ல பெய்யறதைப் போல ரெண்டு மடங்கு வெச்சுக்கங்க. அசுத்தம் பண்றதை நிறுத்தினா ரெண்டு மழைக்காலம் ஆத்தை அலசி விட்டுடும்.

அதுக்காக தண்ணி கொட்டிக்கிடக்குன்னு நினைக்காதீங்க. சேஜியாங்ல ஏழு பங்கு மலை, ஒரு பங்கு தண்ணி, ரெண்டு பங்கு வயல்னு ஒரு சொலவடை உண்டு, இந்த ஊருக்கு அது அப்படியே பொருந்தும். ஓடை எல்லாம் குட்டைக் குட்டையா செங்குத்தா இறங்குது, ஜூன்ல மழை நச நசன்னு வாரக்கணக்கா பெய்யும், ஆறு கரை தட்டும், ஜூலை பாதியில மழை நின்னுச்சுன்னா 39, 40 டிகிரி வெயிலு, ஓடையில கல்லுதான் தெரியும், புயல் வந்தாதான் உண்டு. அதனால சேத்து வெக்கிறதுதான் இங்க பொழப்பே. ஆத்து மேல்பகுதியில தோங்ஜிசியாவ் அணை, ஊருக்கு பக்கத்துல மலையடிவாரத்துல ஜின்கெங்லிங் அணை, இது ரெண்டும் முக்கியம். ஜின்கெங்லிங் குடிதண்ணிக்கான அணை, சுத்தி நடக்கலாம், போட்டோ எடுக்கலாம், கால் நனைக்கக் கூடாது, நம்ம ஆளுங்க சண்டே பிக்னிக்னு போய் அங்க இறங்கி வாங்கிக்கட்டிக்க வேணாம்.

இப்போ நீங்க இருக்கிற யிவூவோட நிலைமை இதைவிட மோசம், அது தெரியுமா? அந்த ஊருக்கு சொந்தத் தண்ணி பத்தாம 2000 நவம்பர்ல பக்கத்து தோங்யாங்கோட ஒப்பந்தம் போட்டு ஹெங்ஜின் அணையில இருந்து வருஷம் 5 கோடி கன மீட்டர் தண்ணியை 20 கோடி யுவான் குடுத்து வாங்குனாங்க, சீனாவுலயே ஒரு ஊர் இன்னொரு ஊர்கிட்ட தண்ணி உரிமையை காசுக்கு வாங்குனது அதுதான் முதல் தடவை. புஜியாங் தண்ணி மோசம்னு உங்களை பயமுறுத்துன ஆளு காசு குடுத்து வாங்குன தண்ணியில டீ போட்டு குடிச்சுக்கிட்டேதான் சொல்லியிருப்பாரு.

சரி வீட்டு விஷயம். குழாய் தண்ணியில குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், குழந்தையை குளிப்பாட்டலாம், ஒண்ணும் ஆகாது. குடிக்கணும்னா கொதிக்க வெச்சுதான், சீனாக்காரனே பச்சைத் தண்ணி குடிக்க மாட்டான். கைக்குழந்தைக்கு பால் கலக்க கேன் தண்ணி வாங்கி அதையும் கொதிக்க வெச்சு ஆத்திக்கங்க, வீசாட்ல (இங்கத்து வாட்ஸ்அப் மாதிரி) சொன்னா வீட்டுக்கே தூக்கிட்டு வந்து வெச்சுட்டு போவான். வீடு எடுக்கும்போது கிரவுண்ட் ஃப்ளோர் வேண்டவே வேண்டாம், வாடகை கம்மின்னு புரோக்கர் அதைத்தான் முதல்ல காட்டுவான். ஜூன் மாசம் சுவத்துல தண்ணி துளிர்க்கும், துணி காயாது, பெல்ட்டு, செருப்பு எல்லாம் பூஞ்சை பிடிக்கும், குழந்தைக்கு சளி விடவே விடாது. ரெண்டாவது மாடிக்கு மேல, தெக்கு பாத்த பால்கனி, காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்குற ஒரு டீஹியூமிடிஃபையர், இந்த மூணும் இருந்தா நிம்மதி. குளிர்காலத்துல வடக்கு சீனா மாதிரி பில்டிங்குக்கு ஹீட்டிங் எல்லாம் இங்க கிடையாது, ஏசியில ஹீட் மோடு போட்டுத்தான் சமாளிக்கணும். அப்புறம் ஓட்டல் இல்லாம வீட்டுல தங்கப்போறீங்கன்னா வந்து 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்ல பதியணும், மனைவி குழந்தைக்கும் சேர்த்து, இதுல மட்டும் சோம்பேறித்தனம் வேணாம்.

ஆத்தோரம் நடக்கும்போது ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு போர்டு நிக்கும். அதுல அந்த ஓடைக்கு பொறுப்பான அதிகாரி பேரு, போன் நம்பர், எங்க இருந்து எங்க வரைக்கும் அவரு பொறுப்பு, தண்ணி எந்த தரத்துல இருக்கணும், எல்லாம் எழுதியிருக்கும். 2016 கடைசியில நாடு முழுக்க வந்த ஏற்பாடு, சேஜியாங்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே உண்டு. உங்க ஃபேக்டரியில பிரிண்டிங், டையிங் எந்த மூலையில நடந்தாலும் இந்த போர்டை மனசுல வெச்சுக்கங்க, ஒரு பக்கெட் சாயத்தண்ணி மழைவாய்க்கால்ல போனாலும் யாராவது போட்டோ எடுத்து அனுப்பிடுவாங்க. க்யூசின்னா துணியை மட்டும் பாத்தா போதும்னு இருக்காதீங்க.

ஊர்ல என்ன இருக்குன்னு கேட்டீங்களே. யிவூ மாதிரி இந்தியன் ரெஸ்டாரன்ட் தெரு, வெளிநாட்டுக்காரங்க கூட்டம் எல்லாம் எதிர்பார்க்காதீங்க, மளிகைக்கு யிவூதான் போகணும், ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ஆனா இதை யிவூவோட புறநகர்னு மட்டும் உள்ளூர்க்காரன்கிட்ட சொல்லிடாதீங்க. கி.பி. 195லயே இங்க தனி கவுண்டி, 910ல இருந்து இதே பேரு. 1960ல யிவூவோட இணைச்சுட்டு ஆறேழு வருஷத்துல திரும்ப பிரிச்சுட்டாங்க, பெரிசுங்க அதை இன்னும் மறக்கல. ஹுவாங்சாய் பக்கம் ஷாங்ஷான்னு ஒரு அகழாய்வு இடம், 2000ல கண்டுபிடிச்சது, பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தின பானை ஓடு, அந்த மண்ணுல உமி கலந்து பிசைஞ்சிருக்கான், நெல்லை பயிர் பண்ண ஆரம்பிச்ச ஆரம்ப இடங்கள்ல ஒண்ணு. சோறு திங்கிற நமக்கு அதைப் பாக்க ஒரு மாதிரி இருக்கும், கண்டிப்பா போங்க.

அப்புறம் செங்சாய், அங்க செங்ங்கிற குடும்பம் சோங் ராஜாக்கள் காலத்துல இருந்து மிங் ராஜாக்கள் காலம் வரைக்கும் 15 தலைமுறை, முந்நூறு வருஷத்துக்கு மேல சொத்து பிரிக்காம ஒரே அடுப்புல சமைச்சு சாப்பிட்டிருக்காங்க, 168 குடும்ப விதி எழுதி வெச்சு. நம்ம ஊர்ல அண்ணன் தம்பி ஒரு வரப்புக்கு கோர்ட்டு ஏறுறோம். எனக்கு ரொம்ப பிடிச்சது சோங்சி கிராமம்தான், ரெண்டு ஓடை, ஒண்ணு வெளியில ஓடும், இன்னொண்ணு வீடுகளுக்கு அடியிலயே ஓடும், வீட்டுக்கு கீழ படி இறங்கிப்போய் காய் கழுவுறாங்க. யுவேச்சுவான்னு ஒரு ஊத்து, நிலா வளர்ந்தா பெருகும் தேய்ஞ்சா வத்தும்னு நம்பிக்கை, சோங் அரசு விழுந்தப்புறம் வூ வேய்ங்கிறவர் 1286ல அந்த ஊத்து பேர்ல ஒரு கவிதைப் போட்டி வெச்சு 2735 கவிதை வந்துச்சாம், போஸ்ட் ஆபீஸ் இல்லாத காலத்துல.

ஆத்தங்கரையில ஒரு 17 கிலோமீட்டருக்கு நடைபாதையும் ஈரநிலமும் போட்டிருக்காங்க, ஓடை ஆத்துல கலக்கிற இடத்துல நாணல் வளர்த்து தண்ணியை வடிகட்டி விடுறாங்க, பழைய தடுப்பணையை இடிக்காம அது மேலயே பாதை. அதை வடிவமைச்சது யூ கோங்ஜியான், மழைத்தண்ணியை ஊரே ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சி வெச்சுக்கணும்ங்கிற ஸ்பாஞ்ச் சிட்டி யோசனைக்கு பேர் போனவர், புஜியாங் சேர்ந்திருக்கிற இதே ஜின்ஹுவா வட்டாரத்து விவசாயி மகன், 2025ல பிரேசில்ல விமான விபத்துல இறந்துட்டார். காங்கிரீட் கரை கட்டி ஆத்தை சாக்கடை ஆக்காம விட்டதுக்கு அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு. ஸ்ட்ரோலர் தள்ளிக்கிட்டு போக அருமையான இடம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போங்க, கொசுவுக்கு மட்டும் ஏதாவது தடவிக்கங்க.

மனைவி தனியா வர்றாங்கன்னா ஷாங்காய்ல இறங்காம ஹாங்சோவுக்கு கனெக்‌ஷன் கிடைக்குதான்னு முதல்ல பாருங்க, கைக்குழந்தையோட ட்ரெயின் மாறுற தொல்லை குறையும். டிக்கெட் போட்டதும் தேதியை எழுதுங்க. ஆகஸ்ட்ல வந்தீங்கன்னா திராட்சை சீசன், ரோட்டோரம் எல்லாம் பெட்டி பெட்டியா இருக்கும், முதல் கடையில வாங்காதீங்க, ஊருக்குள்ள வர வர விலை குறையும்.